கூடி எய்யும் வில்

வில் என்றால் நமக்குக் கதைகளுக்குப் பஞ்சமில்லை. மரக்கிளையில் இருந்த பறவையின் கண்ணைத் தவிர வேறொன்றையும் காணாத அருச்சுனனை நாம் அறிவோம். மிதிலையில் வில்லை எடுத்து முறித்த இராமனை அறிவோம். ஓர் அம்பினால் பல விலங்குகளை வீழ்த்தியவன் என்று சங்கப் புலவர் பாடிய கொல்லிமலை ஓரியையும் அறிவோம். இவர்கள் எல்லோருக்கும் பொதுவானது ஒன்று உண்டு. வில்லை எடுக்கும் கணத்தில் இவர்கள் தனியர். சுற்றி நிற்பவர்கள் வியந்து பார்ப்பவர்களே அன்றி, வில்லில் பங்குடையவர்கள் அல்லர். ஆகவே விற்பயிற்சி என்பது ஒருவன் தன் கண்ணோடும் கையோடும் தனித்து நின்று செய்யும் தவம் என்ற எண்ணம் நம் மனத்தில் வேரூன்றிவிட்டது.

அவ்வெண்ணத்துக்கு மாறான ஒரு வில்லைப் பற்றி இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். அது கொரிய நாட்டு வில்.

கொரியா என்றதும் மாணவர்களாகிய உங்களுக்கு ஒலிம்பிக் பந்தயங்கள் நினைவுக்கு வரலாம். மகளிர் குழு விற்போட்டி ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்ட 1988ஆம் ஆண்டு முதல் 2024ஆம் ஆண்டு வரை, பத்து முறையும் தங்கப் பதக்கத்தை வென்றவர்கள் தென்கொரிய மகளிரே. ஆனால் அந்த வில் வேறு. நான் சொல்லப்போகும் வில் வேறு. ஒலிம்பிக் வில்லில் குறி பார்க்கும் கருவி உண்டு. வில் ஆடாமல் இருக்க நீட்டிய கோல்கள் உண்டு. இலக்கு 70 மீட்டர் தொலைவில் நிற்கும். கொரியர்களே அதனை 'மேலைநாட்டு வில்' என்றுதான் அழைக்கிறார்கள். தங்கள் முன்னோரின் வில்லை 'நாட்டு வில்' என்கிறார்கள். அதில் குறி பார்க்கும் கருவி எதுவும் இல்லை. இலக்கோ 145 மீட்டர் தொலைவில். ஒலிம்பிக் தொலைவைப் போல் இரு மடங்குக்கும் மேல். பதக்கத்தையும் தொழிலையும் கருதாமல், மாலை வேளையிலும் விடுமுறை நாளிலும் கூடி மகிழ்வதற்காக இந்த வில்லை எடுப்பவர்கள் அந்நாட்டில் ஏராளம்.

அது எப்போதும் பொழுதுபோக்காக இருந்ததில்லை. 1392ஆம் ஆண்டில் தோன்றிய சோசன் அரசை நிறுவிய யீ சொங்கே பெயர்பெற்ற வில்லாளி. அவருடைய மரபினர் ஆட்சியில் படைத்தலைவர் பதவிக்குத் தேர்வுகள் நடந்தன. அத்தேர்வுகளில் வில் முதன்மையான பாடம். வில் பழகினால் பதவி உண்டு என்ற நிலை ஐந்நூறு ஆண்டு நின்றது. பிறகு துப்பாக்கியின் காலம் வந்தது. 1894ஆம் ஆண்டின் சீர்திருத்தத்தில் அத்தேர்வு அடியோடு ஒழிக்கப்பட்டது. வில்லுக்கு அன்றோடு வேலை போயிற்று.

வேலை போன ஆயுதம் என்ன ஆகும்? பெரும்பாலும் காட்சிச்சாலைக்குப் போகும். அல்லது பரணில் கிடந்து பூச்சி அரிக்கும். நம் நாட்டில் எத்தனையோ படைக்கலங்களுக்கு அதுதான் நேர்ந்தது. கொரியாவில் 1898ஆம் ஆண்டு பேரரசர் கோஜோங், சியோல் நகரத்துக் கியோங்ஹுய் அரண்மனை வளாகத்தில் வில் எய்வதற்கென்றே ஒரு மண்டபம் கட்டுவித்து, மக்களும் வந்து எய்ய வழி செய்தார். ஹ்வாங்ஹாக்ஜோங் என்பது அதன் பெயர். மஞ்சள் நாரை மண்டபம் என்று பொருள். ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில், 1922இல், அரண்மனையிலிருந்து பெயர்க்கப்பட்டு இன்வாங் மலையடிவாரத்தில் நிறுவப்பட்ட அம்மண்டபத்தில் இன்றும் அம்புகள் பறக்கின்றன. அரசர் மண்டபம் கட்டித் தரலாம். ஆனால் நாள்தோறும் அங்கே ஆட்களை வரவழைக்க எந்த அரசராலும் ஆகாது. பதவி தராத, வேட்டைக்கும் உதவாத ஒரு வில்லை எடுத்துக்கொண்டு ஒரு நூற்றாண்டுக்கு மேலாக மக்கள் ஏன் வந்துகொண்டே இருக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. அதற்கு விடை காண நாமும் அத்தகைய மண்டபம் ஒன்றுக்குப் போய் ஓரமாக நின்று பார்ப்போம்.

முந்நூற்றுக்கும் மேற்பட்ட மண்டபங்கள் தென்கொரியாவில் உள்ளன. ஊருக்கு ஒதுங்கிய மலைச்சரிவுகளில் பலவற்றைக் காணலாம். ஓடு வேய்ந்த கூரையும் மரத்தூண்களும் கொண்ட கட்டடம். அதன் முன்னே வெறும் வெளி. அவ்வெளிக்கு அப்பால் வரிசையாகச் சில பலகைகள் சற்றே பின்புறம் சாய்ந்து நிற்கும். அவையே இலக்குகள். ஒவ்வொன்றும் 2 மீட்டர் அகலமும் ஏறக்குறைய 2.67 மீட்டர் உயரமும் உடையது. பெரியதாயிற்றே என்று நினைக்காதீர்கள். 145 மீட்டருக்கு இப்பால் நின்று பார்த்தால் அது ஓர் அஞ்சலட்டை அளவுக்கும் தோன்றாது.

அந்தப் பலகையின் நடுவே பெரிய சிவப்பு வட்டம் ஒன்று தீட்டப்பட்டிருக்கும். அதற்குத் தனி மதிப்பெண் கிடையாது. வட்டத்தில் பட்டாலும் ஒன்று. மூலையில் உரசினாலும் ஒன்று. பட்டதா, படவில்லையா என்பது மட்டுமே கணக்கு. இது சிறிய செய்தி போலத் தோன்றும். ஆனால் இதில் ஒரு நுட்பம் இருப்பதாக எனக்குப் படுகிறது. ஒன்பது, பத்து என்று எண்ணிக்கொண்டு நிற்கிறவன் தன் கணக்கிலேயே மூழ்கியிருப்பான். பட்டது என்றால் மட்டும் போதும் என்னும்போது, பக்கத்தில் நிற்பவனுக்கும் அது உடனே விளங்குகிறது. அவனும் சேர்ந்து மகிழ முடிகிறது.

இனி வில்லைப் பார்ப்போம். நாண் கழற்றிய பழைய கொரிய வில்லைக் கையில் கொடுத்தால் அது வில் என்றே உங்களுக்குத் தோன்றாது. இரு முனைகளும் முன்புறமாக மறித்துச் சுருண்டு, ஏறத்தாழ ஒரு வளையம் போல் கிடக்கும். நாண் ஏற்றும்போது அதனை எதிர்ப்புறமாகத் திருப்பி வளைக்க வேண்டும். அதாவது, அம்பு தொடுப்பதற்கு முன்பே, நாண் ஏறிய நிலையிலேயே, அவ்வில் தன் இயல்புக்கு மாறாக வளைந்து விசை நிரம்பி நிற்கிறது. நாணை இழுக்கும்போது அந்த விசை மேலும் ஏறுகிறது. மறித்து வளைந்த முனைகள் நெம்புகோல் போல் உதவுவதால், இழுப்பின் முடிவில் கை திணறுவதில்லை. நாண் ஏறிய பின்னும் ஏறக்குறைய 120 சென்டிமீட்டர் நீளமே உடைய சிறு வில் 145 மீட்டர் எறிவதன் இரகசியம் இதுதான்.

வெறும் மரத்தால் இவ்வளைவைத் தாங்க முடியாது. வில் வளையும்போது எய்பவரை நோக்கிய பக்கம் நசுங்குகிறது. இலக்கை நோக்கிய பக்கம் இழுபடுகிறது. நசுங்கும் பக்கத்தில் நீரெருமைக் கொம்பை ஒட்டுகிறார்கள். நசுக்கத்தைத் தாங்குவதில் கொம்பு மரத்தினும் வலியது. இழுபடும் பக்கத்தில் மாட்டின் தசைநாரை இழையிழையாகப் பிரித்து ஒட்டுகிறார்கள். நடுவே மூங்கில், முனைகளுக்கு முசுக்கட்டை மரம், பிடிக்கு ஓக் மரம். இவற்றை எல்லாம் சேர்த்துப் பிடிப்பது ஆணி அன்று, கயிறும் அன்று; மீனின் காற்றுப்பையைக் காய்ச்சி எடுத்த பசை. பசை இறுகுவதற்குக் குளிரும் வறட்சியும் வேண்டும். ஆதலால் வில் செய்வோர் இலையுதிர் காலத்தில் தொடங்கி வசந்தம் வரைக்கும் அதே வேலையாக இருப்பார்கள். நீரெருமை கொரியாவில் வாழும் விலங்கன்று. தெற்கேயுள்ள வெப்ப நாடுகளிலிருந்து சீனத்தின் வழியாகக் கொம்பு வந்து சேர வேண்டும். 15ஆம் நூற்றாண்டில் சீனத்து மிங் அரசு கொம்பு விற்பதைத் தடுத்தபோது கொரிய அரசவை கலங்கிப்போனது. ஒரு நாட்டின் காவல் இன்னொரு நாட்டு எருமையின் தலையில் இருந்தது என்றால் வேடிக்கைதான்!

நாணை இழுக்கும் விதத்தையும் சொல்ல வேண்டும். மேலைநாட்டார் மூன்று விரல்களால் நாணை இழுப்பர். கொரியர் கட்டைவிரலால் இழுப்பர். கட்டைவிரலை நாணில் மடக்கி, சுட்டுவிரலால் அதை அழுத்திப் பூட்டிக்கொள்வார்கள். நாண் தோலை அறுக்காமல் இருக்கக் கட்டைவிரலில் கொம்பாலான வளையம் ஒன்று அணிவார்கள். இந்த முறையை அறிந்த பிறகு நம் ஏகலைவன் கதையை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். மூன்று விரலால் இழுக்கும் வில்லாளிக்குக் கட்டைவிரல் போனால் அவ்வளவு கேடில்லை. கட்டைவிரலால் இழுப்பவனுக்கோ அதுவே வில். குரு கேட்டது எது என்பதன் கொடுமை அப்போதுதான் முழுவதும் விளங்குகிறது.

இப்போது மண்டபத்தின் முன் ஐந்தாறு பேர் வரிசையாக வந்து நிற்கிறார்கள். அவர்களில் ஓய்வு பெற்ற முதியவர் ஒருவர் இருக்கலாம். கடைக்காரர் ஒருவர் இருக்கலாம். பெண்மணி ஒருவரும் கல்லூரி மாணவர் ஒருவரும் இருக்கலாம். பல்கலைக்கழகங்களிலும் இவ்வில்லுக்கென்று மாணவர் குழுக்கள் உண்டு. ஒவ்வொருவர் இடுப்புக் கச்சையிலும் ஐந்து அம்புகள் செருகப்பட்டிருக்கும். ஐந்து அம்பு ஒரு சுற்று. எல்லோரும் ஒன்றாகக் கோட்டுக்கு முன்னேற வேண்டும். சுற்று முடிந்ததும் ஒன்றாகவே பின்வாங்க வேண்டும். என் அம்புகள் தீர்ந்துவிட்டன, நான் போகிறேன் என்று இடையிலே ஒருவர் நகர்ந்துவிட இடமில்லை.

வரிசையின் ஓரத்தில் நிற்பவர் முதலில் எய்வார். நாணை இழுக்கும் முன் உரத்த குரலில் ஒன்று சொல்வார். 'வில் கற்கிறேன்' என்பதே அதன் பொருள். உடனிருப்பவர்கள் அதற்கு மறுமொழியாக 'நிறைய எய்து வெல்லுங்கள்' என்னும் பொருள்பட வாழ்த்துவார்கள். அன்று முதல் அம்பு விடும் ஒவ்வொருவரும் இதைச் சொல்ல வேண்டும். நேற்றுச் சேர்ந்த மாணவரும் சொல்வார். நாற்பது ஆண்டு பழகிய முதியவரும் அதே சொற்களைத்தான் சொல்வார். கற்றேன் என்று யாரும் சொல்வதில்லை. இந்நாட்டு வழக்கங்களில் எனக்கு மிகவும் பிடித்தது எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். பணிவுக்கு இலக்கணமாக இதைப் பலர் எடுத்துக்காட்டுவர். எனக்கோ அதனினும் நடைமுறையான பயன் ஒன்று தோன்றுகிறது. முதியவரும் இளையவரும் ஒரே வாக்கியத்தைச் சொல்லித் தொடங்குவதால், அன்றைய மாலைக்காவது அவர்கள் ஒரே வகுப்பில் உட்கார்ந்த மாணாக்கர்கள் ஆகிவிடுகிறார்கள்.

முதல்வர் ஓர் அம்பை மட்டுமே எய்கிறார். பிறகு அடுத்தவர் முறை. அவருக்குப் பிறகு அடுத்தவர். வரிசை முழுவதும் ஒருமுறை சுற்றி வந்த பிறகே முதல்வருக்கு இரண்டாம் அம்பு. எய்யும்போது பேச்சில்லை. மண்டபங்களில் எழுதி வைத்துள்ள ஒன்பது நெறிகளில் மௌனமும் ஒன்று.

அம்பு நாணை விட்டுப் போகிறது. அது நேராகப் போவதில்லை. வானில் ஏறி வளைந்து இறங்குகிறது. இலக்கை அடைய ஏறக்குறைய மூன்று வினாடி ஆகும். மூன்று வினாடி என்பது எவ்வளவு நேரம் என்று நீங்களே மனத்தில் எண்ணிப் பாருங்கள், நீண்ட நேரம். வரிசையில் நிற்கும் அனைவருடைய கண்களும் அந்த ஓர் அம்பின் பின்னே போகின்றன. அம்பு எய்தவருடையதுதான், அந்த மூன்று வினாடி எல்லோருக்கும் உரியது. பிறகு இலக்கில் பட்ட ஓசை, ஏறக்குறைய அரை வினாடி தாமதித்து, 'டக்' என்று வந்து சேர்கிறது. இன்று பல மண்டபங்களில் இலக்கின் முகத்தில் ரப்பர் பொருத்தியிருப்பதால், பட்ட அம்பு தைத்து நிற்காமல் தெறித்து முன்னே விழும். ஓசை வராவிட்டால் அடுத்தவர் வில்லை உயர்த்துகிறார்.

முற்காலத்தில் இலக்கின் அருகே கொடிக்காரர் ஒருவர் நிற்பார். அம்பு இடமாகப் போயிற்றா, வலமாகப் போயிற்றா, குறைவாக விழுந்ததா, தாண்டிப் போயிற்றா என்று கொடியை அசைத்துக் காட்டுவார். இப்போது விளக்கு எரிந்து சொல்லும் பொறியும் வந்துவிட்டது. கொடி போனதில் எனக்குச் சற்று வருத்தமே. விளக்கு 'பட்டது' என்று மட்டும் சொல்லும், எப்படித் தவறியது என்று சொல்லாது. அந்த வேலையை இன்று வரிசையில் நிற்கும் நண்பர்களின் கண்களே செய்கின்றன. எய்தவர் தம் அம்பைப் பின்தொடர்வதைவிடப் பக்கத்தில் நிற்பவர் அதைத் தெளிவாகப் பார்க்கிறார். முழங்கை தளர்ந்ததா, நாணை விடும்போது பிடித்த கை ஒடுங்கியதா என்பது எய்தவருக்குத் தெரியாது. சுற்று முடிந்த பின்னர், அவர் கேட்டால், நண்பர் சொல்வார். கேளாமல் சொல்வது அழகன்று.

புதிதாகச் சேர்பவர் முதல் நாளே 145 மீட்டர் எய்துவிட முடியாது. பல நாள் அம்பில்லாத வில்லை இழுத்து இழுத்துப் பழக வேண்டும். முழு இழுப்பில் கைக்கு வரும் பளு ஏறக்குறைய 20 கிலோகிராம். எடையைத் தூக்குவது போலன்று, அதை அசையாமல் சில வினாடி தாங்க வேண்டும். அதன் பிறகு ஒரு வேடிக்கையான பயிற்சி உண்டு. உயரமான கோல் ஒன்றின் நுனியில் கயிற்றைக் கட்டி, அதன் மறுமுனையை அம்போடு பிணைத்துவிடுவார்கள். புதியவர் எய்வார், அம்பு சற்றுத் தூரம் பாய்ந்து, கயிறு இழுக்க, நாய்க்குட்டி போல் திரும்பி வரும். இப்படி நூற்றுக்கணக்கான முறை. மற்றவர்களின் அம்புகள் வானில் வளைந்து செல்வதைப் பார்த்துக்கொண்டே, தன் கயிறு கட்டிய அம்போடு நாட்களைக் கழிப்பதற்குப் பொறுமை வேண்டும். பழகியவர்கள் வந்து நின்று தோளைத் திருத்துவதும், நிலையைச் சரிசெய்வதும் அப்போதுதான். தனியாக ஒருவர் வீட்டுக் கொல்லையில் பழகினால் இந்தக் கட்டத்திலேயே வில்லை மூலையில் சாத்திவிடுவார் என்று நினைக்கிறேன்.

கயிறு அவிழ்த்த அம்பு முதன்முறையாக இலக்கில் பட்டால் மகிழ்ச்சி. ஒரு சுற்றின் ஐந்து அம்புகளும் பட்டுவிட்டாலோ பெருமகிழ்ச்சி. வாழ்க்கையில் முதல்முறையாக இது வாய்க்கும் நாள் அந்த மண்டபத்துக்கே திருநாள் போன்றது. அன்று முதல் அவரை மதிப்புக்குரிய ஒரு பட்டப்பெயரால் அழைப்பார்கள். அப்பட்டத்தை அவரே சூட்டிக்கொள்ள இயலாது. நான் வீட்டில் ஐந்தும் எய்தேன் என்று சொல்லிப் பயனில்லை. வரிசையில் உடன் நின்றவர்கள் கண்டிருக்க வேண்டும். அவர்கள்தான் அப்பெயரால் அழைக்க வேண்டும்.

ஒன்பது நெறிகள் உண்டு என்றேன். அன்பு, நேர்மை, அடக்கம் முதலிய பொதுவான அறங்கள் அவற்றில் சில. எந்த நாட்டு நெறி நூலிலும் அவை இருக்கும். வில்லுக்கே உரிய இரண்டை மட்டும் சொல்கிறேன். ஒன்று, வென்றவர்மேல் மனக்கசப்புக் கொள்ளாதே என்பது. மற்றொன்று, பிறர் வில்லை இழுக்காதே என்பது. முதலாவது மனத்தைப் பற்றியது. இரண்டாவது பொருளைப் பற்றியது போலத் தோன்றும். ஆனால் கொம்பு வில் தன் உடையவரின் இழுப்புக்கும் தோளுக்கும் பழகிய பொருள். இன்னொருவர் அளவு மீறி இழுத்தால் முறுக்கிக்கொள்ளும். கூடி விளையாடும் இடத்தில் இவ்விரண்டு கட்டளைகளும் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பது கிரிக்கெட் மட்டையை நண்பனுக்கு இரவல் கொடுத்த எவருக்கும் தெரியும்.

வென்றவர்மேல் கசப்பு என்றதும் ஓர் அரசர் நினைவுக்கு வருகிறார். 1776 முதல் 1800 வரை ஆண்ட ஜோங்ஜோ. 50 அம்பு எய்து 49ஐ இலக்கில் படச் செய்த அவர், எஞ்சிய ஒன்றை வேண்டுமென்றே வீணாக்கினார் என்பது வழிவழிச் செய்தி. நிறைவுக்கு ஒரு படி கீழே நிற்பதே நன்று என்பது அவர் கருத்தாம். அரசருக்கு அது பொருத்தமாக இருக்கலாம். நீங்களும் நானும் 49 எய்ய நேர்ந்தால் ஐம்பதாவதையும் எய்ய முயல்வதே நேர்மை என்பேன். அவர் காலத்து வேறொரு வழக்கம்தான் எனக்குச் சுவையாக இருக்கிறது. அரசர் நன்றாக எய்த நாளில் உடனிருந்த அலுவலர்கள் அவரிடம் பரிசு கேட்கலாம். எத்தனை அம்பு பட்டது, யாருக்கு என்ன கொடுத்தார் என்று எழுதிய ஏடுகள் இன்றும் கிடைக்கின்றன. வென்றவர் பரிசு பெறுவது உலக வழக்கம். அங்கே வென்றவர் பரிசு கொடுத்தார். பார்த்து நின்றவர்களுக்கும் அந்த வெற்றியில் பங்குண்டு என்று கருதியதன் அடையாளம் அது.

ஊருக்கு ஊர் குழுவாகச் சேர்ந்து எய்யும் போட்டியும் பழைமையானது. ஒருவர் எத்தனை எய்தார் என்பதைவிடக் குழு முழுவதும் சேர்ந்து எத்தனை என்பதே அங்கே பேச்சு. அம்பு பட்டவுடன் எய்தவர் பெயரை நீட்டி முழக்கி ஒருவர் அறிவிப்பார். பாடும் மகளிர் சேர்ந்து குரல் எடுப்பார்கள். மேளமும் குழலும் ஒலிக்கும். இஞ்சியோன் நகரப் பகுதியில் இந்தப் பழைய முறையைப் பேணி நடத்துகிறவர்கள் உண்டு. நாம் முன்பு பார்த்த மௌனத்துக்கும் இந்த ஆரவாரத்துக்கும் முரண் என்று நினைக்க வேண்டாம். எய்யும் வரை மௌனம். பட்ட பிறகு பாட்டு.

இவ்வளவு சொன்ன பிறகு, இம்மரபினுள்ளே உள்ள ஒரு வழக்கையும் சொல்லாமல் விட்டால் முறையாகாது. கொம்பு வில் உயர்ந்தது. ஆனால் தொல்லை மிகுந்தது. மீன் பசைக்கு ஈரம் பகை. கோடை மழைக்காலத்தில் வில்லை வெதுவெதுப்பான பெட்டிக்குள் வைத்துக் காக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் நாண் ஏற்றுவதற்கு முன் இளஞ்சூட்டில் காட்டி, முழங்காலில் வைத்து அழுத்தி, வளைவு ஒருபக்கம் கோணாமல் பார்க்க வேண்டும்; புதியவருக்குப் பெரியவர் துணையில்லாமல் அது கைகூடாது. விலையும் மிகுதி. 1970களில் செயற்கை இழைகளால் செய்த புதிய வில் வந்தது. உருவம் பழையதே, மறித்து வளைந்த முனைகளும் அதே. ஈரத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை; விலை குறைவு; எடுத்தவுடன் நாண் ஏற்றலாம். மூங்கில் அம்புக்குப் பதிலாகக் கார்பன் இழை அம்பும் வந்தது.

மரபு போயிற்று என்று வருந்தினவர்கள் உண்டு. அவ்வருத்தத்தில் பொருளில்லாமலும் இல்லை. கொம்பும் நரம்பும் மீன் பசையும் சேர்ந்து செய்த வில்லைக் கேட்பார் இல்லாவிட்டால், அதைச் செய்யத் தெரிந்த கை ஒரு தலைமுறையில் மறைந்துவிடும். வில்லும் அம்பும் செய்யும் கலையை அரசு 1971ஆம் ஆண்டிலேயே பாதுகாக்க வேண்டிய மரபுக் கலையாக அறிவித்தது இதனால்தான். ஆனால் மறுபக்கத்தையும் பாருங்கள். புதிய வில் வராதிருந்தால் சம்பளக்காரரும் மாணவரும் மண்டபத்துப் படியேறியிருப்பார்களா? வில் உயிரோடு இருக்க முதலில் எய்கிறவர்கள் வேண்டும். கொரியர்கள் இவ்வழக்கை ஓரளவு நயமாகவே தீர்த்துக்கொண்டிருக்கிறார்கள். தொடக்க நிலைத் தகுதித் தேர்வுகளுக்கு எந்த வில்லும் ஆகும். ஐந்தாம் நிலை முதலான உயர்ந்த தேர்வுகளுக்குக் கொம்பு வில்லும் மூங்கில் அம்பும் கட்டாயம். புதிய வில்லோடு உள்ளே வந்தவர், ஆண்டுகள் பழகிப் பற்று மிகுந்த பின் பழைய வில்லிடம் போய்ச் சேர்கிறார். கொம்பு வில் செய்பவருக்கும் அதனால் வேலை கிடைக்கிறது. என் சிற்றறிவுக்கு இது சரியான தீர்ப்பாகவே தோன்றுகிறது.

2020ஆம் ஆண்டில் தென்கொரிய அரசு, வில் செய்வதை மட்டுமன்றி வில் எய்வதையும் நாட்டின் மரபுச் செல்வமாக அறிவித்தது. அத்தகைய அறிவிப்புகளில் அக்கலைக்கு உரியவர் இன்னார் என்று ஒரு மூத்த கலைஞரையோ ஒரு குழுவையோ பெயர் குறிப்பிடுவது அங்குள்ள வழக்கம். வில் எய்வதற்கோ எவர் பெயரையும் குறிப்பிடவில்லை. நாடெங்கும் மண்டபங்களில் பலர் கூடிச் செய்து வருவதை ஒருவருடையது என்று எப்படி எழுதுவது?

நாம் நின்று பார்த்த மண்டபத்தில் சுற்று முடிந்துவிட்டது. வரிசையில் நின்றவர்கள் ஒன்றாகப் பின்வாங்கி, விற்களை அதனதன் இடத்தில் வைக்கிறார்கள். சில மண்டபங்களில் கம்பியில் ஓடும் சிறு வண்டி ஒன்று அம்புகளைச் சுமந்து வரும். அது இல்லாத இடத்தில் எல்லோரும் 145 மீட்டர் நடந்து போக வேண்டும். இலக்கின் முன்னும் பின்னும் புல்லில் சிதறிக் கிடக்கும் அம்புகளைக் குனிந்து பொறுக்குகிறார்கள். யார் அம்பு யார் கையில் அகப்படும் என்பதற்குக் கணக்கில்லை. ஒவ்வோர் அம்பின் தண்டிலும் உடையவர் பெயர் சிறிய எழுத்தில் இருக்கும். திரும்பி வரும் வழியில் பெயரைப் படித்துப் பிரித்து, மண் ஒட்டியிருந்தால் துணியால் துடைத்து, இறகு கலையாமல் உரியவரிடம் நீட்டுகிறார்கள். முதியவரின் அம்பு மாணவர் கையிலும் மாணவரின் அம்பு முதியவர் கையிலும் வந்து சேர்கிறது. வெளிச்சம் இருக்குமானால் மீண்டும் வரிசையில் நிற்பார்கள்.